கடலோரக் கேள்வி பதில்: ஐன்ஸ்டீன் என்ற மனிதர்

போன இதழில் ஒரு மாணவிக்குப் பதில் எழுதும்போது, "அமைதிக்காகப் பாடுபட்ட விஞ்ஞானி என்றால் எனக்கு முதலில் ஐன்ஸ்டீன்தான் நினைவுக்கு வருவார்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எழுதியிருக்கிறீர்கள். கோபமாக எழுதியவருக்கு முதல் இடம்.

*டீச்சர், அணுகுண்டுக்குக் காரணமான ஆளைப் போய் அமைதி விரும்பி என்கிறீர்களே, நியாயமா?*
– விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கதையை முழுக்கக் கேளுங்கள்.

ஐன்ஸ்டீன் அணுகுண்டு செய்யவில்லை. 1905-ல் அவர் எழுதிய சமன்பாடு, ஒரு பொருளுக்குள் எவ்வளவு ஆற்றல் அடங்கிக் கிடக்கிறது என்று சொன்னது. அதை வெளியே எடுக்கும் வழியை அது சொல்லவில்லை. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் செய்த சோதனையில் யுரேனிய அணு பிளவுபட்டது. அப்போதுதான் அந்தக் கதவு திறந்தது. மறுவருடம் ஜூலையில் லியோ சிலார்டு என்ற ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர், நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டீனைத் தேடிப் போனார். ஒரு அணு பிளந்தால் அதிலிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கும், அது சங்கிலியாகத் தொடரும் என்று விளக்கினார். இது தனக்குத் தோன்றவே இல்லை என்றுதான் ஐன்ஸ்டீன் முதலில் சொன்னார்.

அன்றைக்கு யுரேனியம் நிறையக் கிடைத்த இடம் பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காங்கோ. பெல்ஜியம் ராணி ஐன்ஸ்டீனுக்கு நல்ல சிநேகிதி, சேர்ந்து வயலின் வாசித்தவர். அதனால் முதலில் பெல்ஜியத்துக்கு எழுதலாம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 1939 ஆகஸ்ட் 2 தேதியிட்ட கடிதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. செக்கோஸ்லோவாகியாவின் சுரங்கங்களைப் பிடித்துக்கொண்ட ஜெர்மனி யுரேனியம் விற்பதை நிறுத்திவிட்டது, கவனியுங்கள் என்பது அதன் சாரம். இப்படி ஒரு குண்டைப் படகில் ஏற்றிவந்து துறைமுகத்தில் வெடித்தால் துறைமுகத்தோடு சுற்றுப்புறமும் அழிந்துபோகலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கடல் ஓரத்தில் இருக்கும் எனக்கு அந்த வரியை எப்போது படித்தாலும் வயிற்றைக் கலக்கும்.

அந்தக் கடிதத்தின் உடனடிப் பலன் ஒரு குழு, அதற்கு 6,000 டாலர். குண்டு செய்யும் வேலை பெரிய அளவில் சூடுபிடித்தது அதற்கு அப்புறம்தான். அந்த வேலையில் ஐன்ஸ்டீனைச் சேர்க்கவே இல்லை. அவரை நம்ப முடியாது என்று 1940-ல் அமெரிக்க ராணுவம் அனுமதி மறுத்துவிட்டது. அவருடைய அமைதிப் பேச்சுகளும் ஒரு காரணம். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவரைப் பற்றித் திரட்டிய கோப்பு 1,400 பக்கத்தைத் தாண்டியது.

ஆனாலும் அவர் தனக்குச் சாக்கு சொல்லிக்கொள்ளவில்லை. சாவதற்கு ஐந்து மாதம் முன்பு, வேதியியலாளர் லைனஸ் பாலிங்கிடம், ரூஸ்வெல்ட்டுக்குப் போன கடிதத்தில் கையெழுத்துப் போட்டது தன் வாழ்க்கையின் பெரிய தவறு என்றார். ஜெர்மானியர்கள் முந்திவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு மிச்சமிருந்த பத்து வருடமும் அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசுவதிலும் எழுதுவதிலும் போனது. அவரை அமைதிக்காகப் பாடுபட்டவர் என்று நான் எழுதியது இதையெல்லாம் தெரிந்துதான்.

*ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் ஆனவராமே? நானும் அப்படித்தான்.*
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தேவிபட்டினம்

இல்லை தம்பி, அது கட்டுக்கதை. பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதத்தைத் தானே படித்து முடித்தவர். 1895-ல் ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்பது உண்மை. அதில் கணக்கும் இயற்பியலும் நன்றாகவே எழுதினார், மற்ற பாடங்கள்தான் காலை வாரின. ஆனால் உனக்கு அவர் எழுதியது போலவே ஒரு கடிதம் இருக்கிறது. 1943-ல் கணக்கு வரவில்லை என்று எழுதிய ஒரு அமெரிக்கச் சிறுமிக்கு, "கணக்கில் உனக்கு இருக்கும் கஷ்டத்தை நினைத்துக் கவலைப்படாதே, என்னுடைய கஷ்டம் அதைவிடப் பெரியது" என்று பதில் போட்டார். உலகமே கடிதம் போட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒரு சின்னப் பெண்ணுக்கு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு முக்கோணவியல் பக்கத்தைத் திற.

*அவர் சுபாவத்திலேயே சாதுவா, இல்லை அணுகுண்டைப் பார்த்துத் திருந்தியவரா?*
– கல்லூரி மாணவர், தொண்டி

திருந்திய கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படி இல்லை.

1879 மார்ச் 14-ல் உல்ம் நகரில் பிறந்து மியூனிக்கில் வளர்ந்தவர். தெருவில் பட்டாளம் அணிவகுத்துப் போவதைப் பார்த்தால் மற்ற பிள்ளைகள் பின்னாலேயே ஓடும், இவருக்கு அது பிடிக்காது. ஜெர்மன் குடிமகனாக இருந்தால் கட்டாய ராணுவச் சேவை உண்டு. 1896-ல், பதினாறு வயதில், குடியுரிமையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 1901-ல் சுவிட்சர்லாந்து ஏற்றுக்கொள்ளும் வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளாகத்தான் இருந்தார்.

நான் வகுப்பில் தவறாமல் சொல்வது 1914 அக்டோபர் கதை. முதல் உலகப்போர் தொடங்கிய சூட்டில், ஜெர்மனி செய்வதெல்லாம் சரி என்று 93 பெரிய அறிவாளிகள் கையெழுத்திட்டு ஒரு அறிக்கை விட்டார்கள். பிளாங்க், ஹாபர், ரோண்ட்கன் போன்ற விஞ்ஞானிகள் எல்லோர் பெயரும் அதில் உண்டு. ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு வரவழைத்து வேலை கொடுத்தவர்களே அவர்களில் இருந்தார்கள். நிக்கோலாய் என்ற மருத்துவர் அதற்கு எதிராக, ஐரோப்பா முழுவதும் ஒன்றுசேர வேண்டும் என்று ஒரு வேண்டுகோள் எழுதினார். அதில் விழுந்த கையெழுத்து மொத்தம் நான்கு. நிக்கோலாய், ஐன்ஸ்டீன், ஃபோர்ஸ்டர் என்ற முதிய வானியலாளர், புக் என்ற தத்துவக்காரர். அதோடு சரி. ஐன்ஸ்டீன் பெர்லினில் குடியேறி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் முகம் பார்த்துப் பேசவேண்டிய சக ஆசிரியர்கள் எல்லாம் மறுபக்கம். சுபாவம் மட்டும் இருந்தால் இதைச் செய்ய முடியாது, நெஞ்சழுத்தம் வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். 1930-ல் நியூயார்க்கில் பேசும்போது, ராணுவத்துக்கு அழைக்கப்படுபவர்களில் 2 சதவீதம் பேர் மறுத்தாலே போதும், அத்தனை பேரை அடைக்கச் சிறை இருக்காது என்றார். மூன்றே வருடம் கழித்து, ஹிட்லர் வந்தபின், நான் பெல்ஜியக்காரனாக இருந்தால் இப்போது ராணுவத்தில் சேர மறுக்க மாட்டேன் என்று எழுதினார். அமைதி இயக்கத்து நண்பர்கள் துரோகி என்றே திட்டினார்கள். நிலைமையைப் பார்த்து நிலைப்பாட்டை மாற்றினார், மாற்றியதை மறைக்கவும் இல்லை. என்னைக் கேட்டால் 1933-ல் அவர் செய்தது சரி.

*வெளியில் அமைதி பேசியவர் வீட்டில் எப்படி? மனைவியைக் கொடுமைப்படுத்தினார் என்று படித்தேனே டீச்சர்.*
– குடும்பத் தலைவி, கீழக்கரை

படித்தது பெரும்பாலும் சரிதான். முதல் மனைவி மிலேவா மாரிச் அவரோடு சேர்ந்து இயற்பியல் படித்தவர். 1914-ல் கல்யாண வாழ்க்கை கசந்தபோது, வீட்டில் இருக்க வேண்டுமானால் என்று ஐன்ஸ்டீன் மிலேவாவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். துணி துவைத்து ஒழுங்காக வைக்க வேண்டும், மூன்று வேளையும் சாப்பாடு என் அறைக்கு வர வேண்டும், என்னிடம் நெருக்கம் எதிர்பார்க்கக் கூடாது, பேச்சை நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். படிக்கவே மனசு ஒப்பாது. கல்யாணத்துக்கு முன் பிறந்த முதல் பெண் குழந்தையை அவர் கண்ணால் பார்த்ததாகவே தெரியவில்லை. இளைய மகன் எடுவர்ட் மனநோயாளி, 1965-ல் ஜூரிச்சில் மருத்துவமனையிலேயே இறந்தார். 1933-க்குப் பிறகு அப்பா அந்த மகனைப் பார்க்கவில்லை.

எங்கோ தூரத்தில் இருப்பவர் படும் துன்பம் அவருக்கு உடனே உறைத்தது. பக்கத்து அறையில் இருந்தவர் துன்பம் உறைக்கவில்லை. 1955-ல் நெருங்கிய நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பெண்ணோடு கடைசிவரை ஒற்றுமையாக வாழ்ந்தாரே, அதைத்தான் அவரிடம் நான் மிகவும் மதித்தேன், அதில் நான் இரண்டு முறை கேவலமாகத் தோற்றவன் என்று எழுதினார். உண்மையை ஒப்புக்கொண்டார் என்பது வரை சரி. மிலேவா இறந்து அப்போது ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் அம்மா, நான் சொல்கிறேன்.

*ஐன்ஸ்டீன் நம் பக்கம் வந்ததுண்டா?*
– தபால் துறையில் ஓய்வு பெற்றவர், ராமேஸ்வரம்

இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் எதிர்க்கரைக்கு வந்தார்!

1922 அக்டோபரில் மார்செய் துறைமுகத்தில் ஜப்பான் கப்பல் ஏறி, 28-ம் தேதி கொழும்பில் இறங்கினார். அதே நாட்களில் எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னார் கடந்து, மறுபடி ரயிலில் கொழும்பு போய்க்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த போட் மெயிலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். நம் மாவட்டத்து ஜனங்கள் எத்தனையோ பேர் அன்று கொழும்பில் கூலி வேலை பார்த்தவர்கள்.

அங்கே ஐன்ஸ்டீனும் இரண்டாவது மனைவி எல்சாவும் ரிக்‌ஷாவில் ஊர் சுற்றினார்கள். மனிதனை மனிதன் இழுக்கும் வண்டி. அன்றைய நாட்குறிப்பில், இப்படி மனிதர்களைக் கேவலமாக நடத்துவதில் தானும் பங்காளியாகிவிட்டதற்காக மிகவும் வெட்கப்பட்டதாகவும், ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை என்றும் எழுதினார். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நன்றாக இருக்கும். அதே நாட்குறிப்பில், இந்த ஊர்க்காரர்கள் அழுக்கிலும் நாற்றத்திலும் கிடக்கிறார்கள், இந்தத் தட்பவெப்பத்தில் கால் மணி நேரத்துக்கு முன்னோ பின்னோ யோசிக்க அவர்களால் முடியாது என்றும் எழுதியிருக்கிறார். வெயிலில் தன்னை இழுத்துக்கொண்டு ஓடியவர்களைப் பற்றி! வெட்கமும் இளக்காரமும் ஒரே பேனாவில் வந்திருக்கின்றன. எனக்கு இது வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

அதே பயணத்தில்தான், கப்பல் ஜப்பானை எட்டுவதற்கு முன், நோபல் பரிசுச் செய்தி வந்தது.

அப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். 1924-ல் டாக்காவிலிருந்து, யாரென்றே தெரியாத சத்யேந்திர நாத் போஸ் ஒரு கட்டுரையை அனுப்பி, தகுதி இருந்தால் வெளியிட உதவுங்கள் என்று கேட்டபோது, ஐன்ஸ்டீன் தானே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். அமெரிக்காவில் 1937-ல், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குப் பிரின்ஸ்டன் விடுதியில் அறை கிடைக்காதபோது தன் வீட்டில் தங்கவைத்தார். 1946-ல் கறுப்பின மாணவர்கள் படித்த லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய், இனவெறி என்பது வெள்ளைக்காரர்களின் நோய், அதைப் பற்றி நான் சும்மா இருக்கப்போவதில்லை என்று பேசினார். கொழும்பில் எழுதியதை இது அழிக்காது. ஆனால் 43 வயதில் எழுதிய மனிதர் 67 வயதில் அங்கேயே நிற்கவில்லை.

*ஐன்ஸ்டீனால் என்னைப் போன்றவனுக்கு என்ன பிரயோஜனம்?*
– விசைப்படகு டிரைவர், தங்கச்சிமடம்

உங்கள் வீல் ஹவுஸில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியைப் பாருங்கள். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் அனுப்பும் நேரத்தை வைத்துத்தான் அது நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஐன்ஸ்டீன் சொன்னபடி, பூமியின் ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும், நாளைக்கு 45 மைக்ரோ செகண்ட். செயற்கைக்கோள் ஓடும் வேகத்தால் 7 மைக்ரோ செகண்ட் மெதுவாகவும் ஓடும். கழித்தால் 38. ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ செகண்ட், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். அந்த 38-ஐச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் கணக்குத் தப்பும். பாக் நீரிணையில் 10 கிலோமீட்டர் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*அவருக்குக் கடல் தெரியுமா?*
– நாட்டுப்படகு மீனவர், மூக்கையூர்

பாய்மரப் படகு என்றால் உயிர். 50 வயதுக்கு நண்பர்கள் ஒரு நல்ல படகு வாங்கிக் கொடுத்தார்கள், பெர்லின் பக்கத்து ஏரியில் ஓட்டினார், நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒரு சின்னப் படகு. நீந்தத் தெரியாது, லைஃப் ஜாக்கெட்டும் போட மாட்டார்! காற்று நின்றுவிட்டால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். நீங்கள் அவரைப் பார்த்து ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள்.

*நம் கலாமை விட்டுவிட்டு வெளிநாட்டுக்காரரைத் தூக்கிவைப்பது ஏன்?*
– கடை வைத்திருப்பவர், மண்டபம்

விட்டுவிடவில்லை ஐயா. 1931 செப்டம்பர் 27-ல் ஐன்ஸ்டீன் காந்திக்கு ஒரு கடிதம் எழுதினார், வன்முறை இல்லாமலே வெல்ல முடியும் என்று காட்டிவிட்டீர்கள் என்று. அதை எடுத்துப் போனவர் காந்தியின் ஆதரவாளர் வி.ஏ. சுந்தரம். லண்டனிலிருந்து காந்தி பதில் எழுதியது அக்டோபர் 18. அதற்கு மூன்று நாள் முன்பு, 15-ம் தேதி, ராமேஸ்வரத்தில் ஒரு வீட்டில் கலாம் பிறந்திருந்தார்.

இருவரும் ஒரே கருத்துடையவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலம் இருந்தால்தான் அமைதி என்று கலாம் நம்பினார், ஏவுகணை செய்தார், 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையில் முன்னால் நின்றார். எல்லா நாடும் ஆயுதத்தை ஒரு உலக அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஐன்ஸ்டீன் கேட்டார். இது பெரிய வேறுபாடு, பூசி மெழுகக் கூடாது. ஆனால் இருவரிடமும் ஒரு குணம் ஒன்றுபோல இருக்கிறது. பெர்லினில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, ஐன்ஸ்டீன் அதே சிலார்டோடு சேர்ந்து கசிவே இல்லாத பெட்டி செய்யப் பாடுபட்டு, காப்புரிமையும் வாங்கினார். கலாம், அக்னி ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த பொருளை வைத்து, போலியோ பாதித்த பிள்ளைகள் 3 கிலோ உலோகக் கால் தாங்கியை (காலிப்பர்) இழுத்து நடப்பதற்குப் பதில் 300 கிராமில் ஒன்று கிடைக்கும்படி செய்தார். அந்தப் பிள்ளைகள் நடந்ததைப் பார்த்ததுதான் தன் பெரிய சந்தோஷம் என்பார். எனக்கு அக்னியைவிட அந்தக் கால் தாங்கிதான் ஒரு படி மேல்.

*என் வீட்டுக்காரர் இலங்கையில் பிடிபட்டு, படகு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உங்கள் அமைதிப் பேச்சு எனக்கு எதற்கு டீச்சர்?*
– மீனவர் மனைவி, ராமேஸ்வரம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஐன்ஸ்டீன் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கற்பனை செய்து எழுத மாட்டேன். அவர் தொடங்கிவைத்த ஒரு வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

1955 ஏப்ரல் 11-ல், பெர்ட்ரண்டு ரசல் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் எழுதிய ஒரு அறிக்கையில் ஐன்ஸ்டீன் கையெழுத்திட்டார். ஏழு நாளில், 18-ம் தேதி, இறந்துபோனார். ஹைட்ரஜன் குண்டு வைத்திருக்கும் இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்டது. கூட்டத்தை இந்தியாவில் நடத்திக்கொள்ளலாம் என்று நேரு முன்வந்தார், எகிப்தில் மூண்ட சூயஸ் கால்வாய்ச் சண்டையால் அது நடக்கவில்லை. 1957 ஜூலையில் கனடாவில் பக்வாஷ் என்ற ஊரில் கூடினார்கள். நம்மூர் மாதிரி ஒரு மீன்பிடி கிராமம் அது. 10 நாடுகளிலிருந்து 22 பேர். அமெரிக்கர், ரஷ்யர், குண்டு விழுந்த ஜப்பானியர் எல்லோரும் இருந்தார்கள். அரசாங்கத்தின் பிரதிநிதியாக யாரும் வரவில்லை, தனி மனிதர்களாக வந்தார்கள். அதனால் விட்டுக்கொடுத்தால் நாட்டுக்கு அவமானம் என்ற பயம் இல்லாமல் பேச முடிந்தது. 1963-ல் வந்த அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு அந்தப் பேச்சுகள் உதவின. அந்தக் கூட்டங்களை முன்னின்று நடத்திய இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும் 1944-லேயே அமெரிக்க அணுகுண்டு வேலையை விட்டு வெளியே வந்தவர். 1995-ல் அவருக்கும் பக்வாஷ் இயக்கத்துக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் கடலிலும் இந்த வழி திறந்ததுண்டு. 2014-ல் முதலில் சென்னையிலும் பிறகு கொழும்பிலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். எதிர்க்கரை மீனவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், போரில் எல்லாவற்றையும் இழந்து கடலுக்குத் திரும்பியவர்கள். உங்கள் படகு இழுக்கும் இரட்டை மடி வலையும் இழுவை மடி வலையும் எங்கள் வலையை அறுத்துப் போகிறது, கடல் அடியை வழித்துவிடுகிறது, முதலில் அதை நிறுத்துங்கள் என்றார்கள். நம் தரப்பு அவகாசம் கேட்டது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

உங்கள் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்தது சரி என்று நான் சொல்லவே மாட்டேன். கடலுக்குப் போனவரைச் சிறையில் அடைப்பதும், கடன் வாங்கிக் கட்டிய படகைத் துருப்பிடிக்க விடுவதும் கொடுமை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வலை அறுந்த மீனவரின் மனைவியும் உங்களைப் போலவே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். இழுவை மடியிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற அரசு உதவித் திட்டம் வந்தும் கடன் சுமைக்குப் பயந்து பலர் மாறவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கடன் பிரச்சினையைத் தீர்க்காமல் அடுத்த பேச்சுக்குப் போவதில் பயனில்லை என்பது என் கருத்து. சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஆண்கள் மட்டும் போதாது, நீங்களும் போங்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அதைத்தான் முதலில் போடுவேன்.